மூன்றாவது ஜன்னல்

சந்தியாகுவின் விசைப்படகைப்
பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று
ஐஸ் கம்பெனிப் பையன் வந்து சொன்னபோது
எனக்குச் சிரிப்பு வந்தது.
மறைப்பதற்கில்லை.
பாசி காயப் போட்டிருந்த மணலில்
முதுகைக் காட்டி நின்று
வாய்விட்டே சிரித்தேன்.
பிறகுதான் கேட்டேன், ஆள் யார் யார் என்று.
ஐந்து பேர்.
அதில் ஒருவன் கிங்ஸ்டன், சந்தியாகுவின் மகன்.
பத்தொன்பது வயசு.

பதினோரு வருசத்துக்கு முந்தி
கச்சான் அடித்த ஆடி மாசம்
அந்தப் படகில்தான் என் வீட்டுக்காரர் போனார்.
டோக்கனில் நாலு பேர். படகில் ஐந்து.
நாலு பேர் கரைக்கு வந்தார்கள்.
மீன்துறை ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து
சந்தியாகு சொன்னான்:
"இருதயமா? அவன் என் போட்டுல ஏறவே இல்லையே."

ஏறாதவர் எப்படிச் சாவார்?
சாகாதவருக்கு எந்தக் கணக்கில் நிவாரணம்?
ஏறாத மனுசனின் தூக்குவாளி மட்டும்
ஐஸ் பெட்டிக்குள் கிடந்து வீடு வந்தது,
பாதிச் சோற்றோடு.

அதற்குப் பிறகு நான் நடந்த நடை
இந்தக் கரையில் காற்றுக்குத்தான் தெரியும்.
ஞாயிறு பூசையில்
பொறுத்துக்கொள்வதைப் பற்றிய அந்த வரி வரும்போது
உதட்டை மட்டும் அசைப்பேன்.

ராத்திரி ரெஜினாள் வந்தாள்.
வாசலோடு நின்றாள்.
அவனுக்கு ஒரு பக்கம் விழுந்து எட்டு மாசம்,
வாய் கோணி, பேச்சு குழறி.
சங்கத்து ஆட்களோ வேறு கட்சி.
"அக்கா, டோக்கன்ல அவன் பேரு இல்ல.
லிஸ்ட்ல நாலு பேருன்னுதான் வந்திருக்கு.
பேரு இல்லாட்டி என்ன செய்யணும்னு
உங்களுக்குத்தானே தெரியும்."

ஒரு வாக்கியம் என் நாக்கு நுனி வரை வந்தது.
பதினோரு வருசம் உப்பில் ஊறிய வாக்கியம்.
அப்படியே எடுத்து அவள் கையில் கொடுத்திருக்கலாம்.
அவள் காலில் செருப்பு இல்லை.
ஏன் அதைப் பார்த்தேன் என்று தெரியவில்லை.

"ரேசன் கார்டு, பள்ளிக்கூட டிசி, போட்டோ.
திங்கக்கிழமை முதல் பஸ்" என்றேன்.
கதவைச் சாத்திய பிறகு
என் மேலேயே எரிச்சலாய் வந்தது.

பாலத்தில் பஸ் ஏறியதும்
எல்லோரும் கடலைப் பார்த்தார்கள்.
நாங்கள் இருவரும் பார்க்கவில்லை.
அவள் அழுதாள்.
நான் கையைப் பிடிக்கவில்லை.
என் டிக்கெட்டை நானே எடுத்தேன்.

ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசில் சொல்லிக் கொடுத்தேன்:
முதல் ஜன்னலில் நிற்காதே,
அங்கே எல்லோரையும் இரண்டாவதுக்கு அனுப்புவார்கள்.
இரண்டாவதில் சாப்பாட்டு நேரம் எப்போதும்.
மூன்றாவதில் இருக்கிறாரே, தலை நிமிராமல் எழுதுகிறவர்,
அவர் காது கொடுப்பார்.
பேர் இல்லை என்று நாமாகச் சொல்லக் கூடாது.
ஐந்து பேர் என்று முதலில் எழுத வை.
எண்ணிக்கை ஏறிவிட்டால்
பேர் பின்னாலேயே ஏறும்.

அவர் எழுதினார். எழுதிவிட்டுக் கேட்டார்:
"பையன் படகுல ஏறினதுக்குச் சாட்சி?"
ரெஜினாள் தரையைப் பார்த்தாள்.

பாசிக்கு இறங்கிய அந்த விடியலில்
விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டே நிமிர்ந்தேன்.
மஞ்சள் பனியன். கையில் தூக்குவாளி.
வள்ளத்திலிருந்து படகுக்குத் தாவினான்,
தடுமாறி, தானே சிரித்துக்கொண்டு.
அவனைப் பார்த்தவள் நான்.
இருதயத்தைப் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

"நான் பார்த்தேன்" என்றேன்.
பேனா வழுக்கியது.
பாசிக் கொட்டு ஏறிய விரல்,
கையெழுத்து கோணலாய்த்தான் விழுந்தது.

திரும்பும் பஸ்சில், உச்சிப்புளி தாண்டி,
"எங்கள மன்னிச்சிருங்கக்கா" என்றாள்.
இன்னும் என்னென்னவோ சொன்னாள்.
பஸ் இரைச்சலில் பாதி கேட்கவில்லை,
மீதியைக் கேட்காதது போல இருந்தேன்.
மண்டபம் வந்தபோது சொன்னேன்:
"பாஸ்போர்ட் சைஸ் போட்டோ
இன்னும் ரெண்டு வேணும்.
நாளைக்கே எடுத்து வை."